முப்பது முழம்

நாற்பது ரூபாய்க்கு வாங்கிய பேனாவை ஒருவன் ஐம்பது ரூபாய்க்கு விற்றான், லாபம் எவ்வளவு என்று சவரிமுத்து வாத்தியார் கேட்டார். “பத்து!” என்று ஐந்தாம் வகுப்பு பதினாலு பேரும் கத்தினார்கள். எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பும் வாய்ப்பாடு எழுதுவதை விட்டுவிட்டுப் பத்து என்றது. ஒரே அறை, இரண்டு வகுப்பு, ஒரு வாத்தியார், சுற்றாத ஒரு ஃபேன். “திரும்புங்கடா அந்தப் பக்கம்” என்றார். முதுகு திரும்பியது, காது இங்கேயே இருந்தது. பத்து. சரி. இதைச் சொல்லித்தர ஒரு ஆள், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம். நாற்பது ரூபாய்ப் பேனாவை இவனிடம் போய் ஐம்பதுக்கு வாங்கிய மடையன் யார், பக்கத்துக் கடைக்குப் போகத் தெரியாதா அவனுக்கு என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவரிடமும் ஒன்றும் கிடையாது. புத்தகத்தில் வாங்கிய விலை இருக்கிறது, விற்ற விலை இருக்கிறது, நடுவில் ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான் வியாபாரம். நடுவே வெயில் இல்லை, மழை இல்லை, விற்காமல் கிடப்பது இல்லை. இடது கால் பெருவிரல் மரத்துப்போயிருந்தது. சர்க்கரை. செருப்புக்குள் விரலை மடக்கிப் பார்த்தார், மடங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. ஜன்னலோரத்தில் மூன்றாவது ஆளாக லோகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். பார்க்காமல் இருந்தாலும் வாசனை வந்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடம் எப்போதும் மல்லிகை வாசம்தான், தலையில் ஒரு பூ கிடையாது, கையில் இருந்து வருகிற வாசம். சத்துணவுக் கூடத்தில் இருந்து சாம்பார் வாசம் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. பன்னிரண்டு ஆக இன்னும் கால் மணி. பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? காலையில் அவள் அம்மாவிடம் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்போம்மா என்றேன். பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தம், இந்த ஊரில்.

ஒச்சம்மா காலையில் வழிபாடு முடிகிற நேரத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். ஆம்பளை உயரம். பஸ் ஸ்டாண்டில் பூக்கூடை வைத்து உட்கார்ந்தாலும் மற்றவர்களைவிட ஒரு தலை மேலே தெரிவாள், நெட்டையக்கா கடை என்று சொன்னால் நிலக்கோட்டையில் யாரும் வழி காட்டுவார்கள். “வாத்தியாரய்யா, நாளைக்கு மொத முகூர்த்தம். ஆவணி முடியறவரைக்கும் புள்ளய அனுப்ப முடியாது” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். “ஏம்மா, படிக்கிற புள்ளைம்மா” என்றார் இவர். “படிக்கட்டும். நானா வேணாங்கறேன்? ஆவணி முடியட்டும், அனுப்புறேன்.” “ஆவணி முடிஞ்சா ஐப்பசி முகூர்த்தம்பீங்க.” “ஐப்பசியும் வரத்தான் செய்யும். நான் என்ன பண்ணட்டும், காலண்டர் அடிக்கிறவன்கிட்டப் போயி கேளுங்க.” சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவ உக்காந்தா கூட நாலு காசு நிக்குதுய்யா. ஏன்னு தெரியல. ராசியான கை” என்றாள். அங்கேதான் இவர் பார்ப்போம்மா என்றது. வேறு என்ன சொல்வது? ராசி என்கிறவளிடம் என்ன பேசுவது? முடியட்டும் அனுப்புறேன் என்று போன பிள்ளைகளை எண்ணினால் இந்த இருபத்தி நாலு வருஷத்தில் ஒரு பெஞ்சு நிறையும், இரண்டு பெஞ்சு நிறையும். ஒன்றும் திரும்பி வந்தது இல்லை. இல்லை, ஒருத்தி வந்தாள், தன் பிள்ளையைச் சேர்க்க வந்தாள். அதை வருகையில் சேர்க்கலாமா? டஸ்டரை எடுத்துப் பேனா கணக்கைத் துடைத்தார். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறியது. தும்மல் வருவது போல வந்து நின்றுகொண்டது. அது வேறு.

தப்பு அவருடையதுதான். அதில் சந்தேகம் இல்லை. பாடப் புத்தகத்தில் பயிற்சியின் கடைசியில், உன் ஊரில் நடக்கும் ஒரு வியாபாரத்தைக் கணக்காக எழுது என்று இருந்தது. நேரம் போகவேண்டும் என்கிற அவசரத்தில் வாசித்துவிட்டார். வாசித்து முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. வாயில் இருந்து போனதை உள்ளே இழுக்க முடியாது. வகுப்புத் தலைவன் கவின்ராஜ் எழுந்து, “சார், லோகா பூ விக்கிறா சார். அந்தக் கணக்கு போடுவோம் சார்” என்றான். உட்காருடா என்று சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பன் டீக்கடை வைத்திருக்கிறானே, டீ போடுவோம், பால் எத்தனை, தூள் எத்தனை என்று திருப்பியிருக்கலாம். அந்த நேரத்துக்குத் தோன்றாது. எப்போதும் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றும். அதற்குள் லோகப்பிரியா எழுந்து நின்றாள். கூப்பிடாமலே எழுந்தாள். அவள் அப்படித்தான், கணக்கு என்றால் முழங்காலில் யாரோ தட்டிவிட்டது போல எழுந்துவிடுவாள். “பூ ஒரு கிலோ அறுநூறு சார். நேத்து மார்க்கெட்ல. நூலு இருவது. உக்கார்ற எடத்துக்கு சுங்கம் இருவது. மொத்தம் அறுநூத்தி நாப்பது.” இவர் எழுதினார். எழுதாமல் என்ன செய்வது? செலவு என்று தலைப்புப் போட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக. கை தன்பாட்டுக்கு எழுதியது. மனசு பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தது. இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று அப்போதே கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான். முழுக்கத் தெரிந்திருந்தால் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டிருப்பார். “ஒரு கிலோ கட்டினா எத்தனை முழம் வரும்?” என்று கேட்டார். “இருவத்தி நாலு சார். முழம் முப்பது ரூவா.” இருபத்தி நாலு முப்பது, எழுநூற்று இருபது. கழி. எண்பது. எண்பது ரூபாய் லாபம் என்று எழுதி இரண்டு கோடு போட்டார். மனசு சட்டையை விட்டது. அப்பாடா. எண்பதுதானே. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போய், விரல் அறுபடக் கட்டி, ராத்திரி எட்டு வரைக்கும் பஸ் புகை குடித்து எண்பது. இதற்காக ஒரு பிள்ளையை நிறுத்துவார்களா? நிறுத்தினால் அந்தப் பொம்பளைக்கு எடுத்துச் சொல்லலாம். இந்தா பாரும்மா உன் கணக்கு, பலகையில் கிடக்கிறது, எண்பது ரூபாய், இதற்கு ரெண்டு பேர் எதற்கு என்று கேட்கலாம். சாயந்தரம் போகிற வழியிலேயே கேட்டுவிடலாம். சுண்ணாம்பைக் கீழே வைத்தார். நிம்மதியில் கால் விரல்கூட இருப்பது போல இருந்தது. லோகப்பிரியா உட்காரவில்லை.

“சார், அது அம்மா கைக்கு” என்றாள். “என்னது அம்மா கைக்கு?” “இருவத்தி நாலு. அம்மா அளந்தா இருவத்தி நாலு. நான் அளந்தா முப்பது.” எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிற விஷயம்தான், பூக்காரி சரத்தை எடுத்து முழங்கையில் ஒரு நுனியை வைத்து நடுவிரல் நுனி வரைக்கும் இழுத்து, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக் கொடுப்பது. டேப் கிடையாது, ஸ்கேல் கிடையாது, கைதான். பார்த்திருக்கிறார்கள், யோசிக்கவில்லை. வாத்தியாரும்தான் யோசிக்கவில்லை, ஐம்பத்தைந்து வயசில். முதலில் அபுதாகிர் கத்தினான். “ஏமாத்து சார்! சின்னக் கைய வச்சு ஏமாத்துறா சார்!” “நீ ஏமாத்து. உங்க அத்தா கறிக்கடைல எலும்பப் போட்டு நிறுக்கிறாருல்ல?” என்றாள் லோகப்பிரியா, திரும்பாமலே. “எலும்போட தான்டி கறி!” “அப்ப கையோடதான்டா முழம்.” நாலாம் வகுப்பு முழுக்கத் திரும்பிச் சிரித்தது. அதட்ட வேண்டும் என்று தோன்றியது, அதட்டவில்லை. கவின்ராஜ் அதற்குள் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த சௌமியாவிடம் கொடுத்து அவளை அளக்கச் சொன்னான். லோகப்பிரியா கையை நீட்டினாள். விரலில் நூல் அறுத்த கோடுகள், குறுக்கும் மறுக்குமாக, கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. “முப்பத்தாறு சென்ட்டிமீட்டர் சார்!” “உங்கம்மாவுக்கு?” “நாப்பத்தி அஞ்சு. நான் தூங்கும்போது அளந்துட்டேன்.” யார் தூங்கும்போது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அம்மா தூங்கும்போது. எப்போது தூங்குவாள் அவள்? தூங்குகிற அம்மாவின் கையைத் தூக்கி ஸ்கேல் வைக்கிற பிள்ளை. எதற்கு அளந்தாள்? யாரும் சொல்லவில்லை. பாடத்தில் இல்லை. தனக்கே தோன்றி, தானே அளந்து, தானே வகுத்து, அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ராசியாம். ராசியான கையாம். ஒன்பது சென்ட்டிமீட்டர் ராசி. இவருக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் எதற்கு? இருபத்தி நாலுக்கு எண்பது. முப்பதுக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகப் போட்டுவிட்டார். போடாமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. போட்டதும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அவர் மனைவி ரெஜினா அன்றைக்கு ஒரு நாள் சொன்னது இதுதான். மாதா படத்துக்குப் போட தினமும் இரண்டு முழம் வாங்குவாள். இப்போதெல்லாம் அந்தச் சின்னப்பிள்ளைதான் அளக்குது, கொஞ்சம் கொறைச்சலாத்தான் வருது, போனாப் போகுது, பிஞ்சுக் கைகிட்டப் போய் பேரம் பேசவா என்றாள். இவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே ம் என்றார். அந்த ம் ஒரு லாபம். அந்த மாதிரி ஊரில் எத்தனை ம். யாரும் ஏமாறவில்லை, தெரிந்தேதான் கொடுக்கிறார்கள், கூடவே கன்னத்தையும் கிள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒச்சம்மாவும் ஏமாற்றவில்லை, அவளுக்கே தெரியாது. பிள்ளையும் ஏமாற்றவில்லை, அவள் கை அவ்வளவுதான் நீளம். அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது? தப்பு இல்லாத கணக்கில் எதற்கு இவ்வளவு வேர்க்கிறது? செபஸ்டினைப் பத்து நாள் முன்னால் மார்க்கெட்டில் பார்த்தார். இதே வகுப்பில், இதே ஜன்னலோரத்தில் படித்தவன். கணக்கில் புலி. கமிஷன் கடைக்காரர் ஒருத்தர் அவன் கணக்கைப் பார்த்துவிட்டு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது யார்? இன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் நின்று, நிறுவை விழும் முன்னே விலை சொல்கிறான். பைக் வைத்திருக்கிறான். சார், நல்லா இருக்கீங்களா, பூ எதுவும் வேணுமா சார் என்றான். உங்களைவிடக் கூட சம்பாதிக்கிறேன் என்று சொல்லவில்லை, அவன் நல்ல பையன். அவன் கெட்டா போய்விட்டான்? இல்லை. பிறகு ஏன் அவனைப் பார்த்தால் இவர் அடுத்த சந்து வழியாகத் திரும்பிவிடுகிறார்? இன்னொன்றும் இருக்கிறது, அதையும் பார்த்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அறுபத்தியொரு பிள்ளைகள். அறுபத்தியொன்று இருந்தால் மூன்று வாத்தியார், அறுபது ஆனால் இரண்டு. ஒரு தலை குறைந்தால் ஒரு வேலை போகும். இந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, பதிவேட்டில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேனா? ஒச்சம்மாவுக்கு அவள் முப்பத்தாறு சென்ட்டிமீட்டர். எனக்கு அவள் அறுபத்தியொன்றாவது. நான் மட்டும் என்ன யோக்கியம்? திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து மனசு முட்டியது, அடைத்த ஜன்னலில் முட்டுகிற குளவி மாதிரி. “சார், முப்பதுக்குப் போடுங்க சார்” என்று கவின்ராஜ் சொன்னான். எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை. பதினாலு முகம் பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நாலாம் வகுப்பையும் சேர்த்தால் இருபத்தாறு.

எழுதினார். முப்பது முழம். முழம் முப்பது. தொள்ளாயிரம். அதற்குக் கீழே செலவு, அறுநூற்று நாற்பது. கோடு. கோட்டின் கீழே கை போனது. சைபரை எழுதியது. ஆறு எழுதியது. அடுத்த இலக்கத்துக்கு வந்ததும் நின்றது. இருபத்தி நாலு வருஷத்தில் இந்தப் பலகையில் ஒரு கணக்கைத் தப்பாக எழுதியது இல்லை. காய்ச்சலோடு வந்த நாளில் எழுதியது இல்லை, அப்பா செத்த தகவல் வந்த நாளில், பாதியில் விட்டுவிட்டு ஓடினாரே, அன்றைக்கு அந்தப் பாதிகூடச் சரி. ஒன்று என்று எழுதினார். நூற்று அறுபது. எழுதிவிட்டு இரண்டு கோடு போட்டார். திரும்பவில்லை. நூற்று அறுபது என்றால் என்ன, எண்பதுக்கு மேலே இன்னொரு எண்பது, பரவாயில்லை, அதைப் பேசிச் சமாளித்துவிடலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் எழுதினால் எழுதுவார்கள். கவின்ராஜ் எழுதினான், அபுதாகிர் எழுதினான். இவ்வளவு லேசா? ஒரு பொய் இவ்வளவு லேசாகவா போய்ச் சேர்ந்துவிடும்? பிறகு ஜன்னல் பக்கத்தில் இருந்து வந்தது. “சார்.” திரும்பவில்லை. “சார், தப்பு சார்.” மெதுவாகத்தான் சொன்னாள், சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருப்பதைச் சொல்வது போல, வெட்கத்தோடு. “இருநூத்தி அறுவது சார்.” வகுப்பு எழுதுவதை நிறுத்தியது. இவர் திரும்பினார். அவள் முகத்தில் குற்றம் சொல்கிற எதுவும் இல்லை. கவலைதான் இருந்தது, சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று. அந்தக் கவலைதான் இவரால் தாங்க முடியாமல் போயிற்று. “வந்து போடு” என்றார். வந்தாள். நுனிக்காலில் நின்று, ஒன்றைக் கையால் அழித்து, இரண்டு போட்டாள். போட்டதோடு விடவில்லை. பக்கத்திலேயே இருநூற்று அறுபதில் இருந்து எண்பதைக் கழித்து நூற்று எண்பது என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். யார் கைதட்டச் சொன்னது? “ஒரு நாளைக்கு நூத்தி எம்பது கூட வருது சார்” என்றாள் லோகப்பிரியா, மூச்சு வாங்க. “அம்மாவுக்கு இது தெரியாது சார். என்னமோ கூட வருதுன்னுதான் தெரியும். இன்னைக்குப் போயி சொல்லணும்.” முகம் முழுக்கச் சந்தோஷம். சொல்வாள். சாயந்தரமே கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்வாள், பாருங்கம்மா, சார் கணக்கு சொல்லிக்கொடுத்தாரு என்பாள். ஒச்சம்மா வாயைத் திறந்து கேட்பாள். ராசியை மறுத்துப் பேசலாம். நூற்று எண்பதை மறுத்து என்ன பேசுவது? அதையும் இவரே பலகையில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். நான்தான் அளந்து கொடுத்தேன் என்று நினைத்தார். முழங்கையில் இருந்து விரல் நுனி வரைக்கும், முழு முழமாக. அபுதாகிர் மட்டும் கைதட்டவில்லை. அவன் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். “ஏ லோகா, நீ வளந்துட்டா? கை நீண்டு போச்சுன்னா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். இதையும் ஏற்கெனவே யோசித்திருக்கிறாள், அது தெரிந்தது. “அதுக்குள்ள சம்பாரிச்சிருவோம்” என்றாள்.

மணி அடிக்க ஐந்து நிமிஷம். கவின்ராஜ் டிபன் பாக்ஸைத் திறந்து மூடிப் பார்த்தான். அதுக்குள்ள என்றால் எதற்குள்ள? ஒரு வருஷமா, ஒன்றரையா? கை வளர்ந்து முடியும்போது அவள் எந்த வகுப்பில் இருப்பாள்? எந்த வகுப்பிலும் இருக்க மாட்டாள். கையும் நீண்டு, நூற்று எண்பதும் போய், நெட்டையக்கா கடையில் இரண்டாவது நெட்டையாக உட்கார்ந்திருப்பாள். அதைச் சொல்லலாமா? சொன்னால் பயமுறுத்துவது ஆகும். படி, முன்னுக்கு வருவாய் என்று சொல்லலாமா? அதைச் சொல்லிச் சொல்லித்தானே இரண்டு பெஞ்சு காலி. கணக்குக்குப் பதில் கணக்குதான். வேறு எதுவும் இந்தப் பிள்ளையிடம் செல்லாது. சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். “செலவு எல்லாம் எழுதியாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு சார். பூ, நூலு, சுங்கம்.” “ஆகலை. ஒண்ணு விட்டுப்போச்சு.” பலகையில் சுங்கத்துக்குக் கீழே இடம் இருந்தது. லோகப்பிரியா என்று எழுதினார். எதிரே ஒரு கோடு இழுத்து, எண்ணுக்கு இடம் விட்டார். வகுப்பு புரியாமல் பார்த்தது. “அவ என்னா சார், நூல்கண்டா, செலவு எழுத?” என்றான் அபுதாகிர். “வீட்டுப் புள்ளைக்குச் சம்பளமா சார்? எங்கப்பா டீக்கடைல எனக்குக் குடுக்கவே மாட்டாரு” என்றான் கவின்ராஜ். “சம்பளம் இல்லடா. அவ இங்க வராம அங்க உக்காந்தா அவளுக்கு என்ன போகுது? அது செலவுதானே? அதைப் போடு” என்றார். யோசித்தார்கள். “முட்டை போகும் சார்” என்று சௌமியா சொன்னாள். “சத்துணவு முட்டை. ஆறு ரூவா.” “சோறும் போகும்.” “காலைல உப்புமா?” “அத யார்றா திம்பா.” “இன்னைக்குப் போட்ட கணக்கு போகும் சார், அதுக்கு எவ்ளோ?” அதுக்கு எவ்வளவு என்று எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். அதுக்கு எவ்வளவு? இருபத்தி நாலு வருஷம் கழித்து ஒருத்தன் வந்து கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா? செபஸ்டின் இடத்தில் அந்த எண் என்ன? இவர் இடத்தில் என்ன? அது தெரியாமல்தான் சந்து மாறிப் போகிறோமோ? “எனக்கும் தெரியாது” என்றார். வாத்தியார் வாயில் இருந்து அந்த வார்த்தை வந்து பிள்ளைகள் கேட்டது இல்லை. நாலாம் வகுப்பில் யாரோ பென்சிலைக் கீழே போட்டார்கள். லோகப்பிரியா தன் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. முட்டையில் இருந்து ஆரம்பித்திருப்பாள் போல. நின்றது. மறுபடி அசைந்தது. வட்டம் போட்ட நூற்று எண்பதைப் பார்த்தாள், வெற்றிடத்தைப் பார்த்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். ஒரு கணக்கு விடை இல்லாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியாது, பல்லில் நார் மாட்டியது மாதிரி ஆகிவிடும். அது இவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாரா? ஆமாம், தெரிந்துதான். “என்ன சார் போட?” என்றாள். அழுகிற குரல் இல்லை, கோபத்தில் இருந்தாள். மணி அடித்தது. நாலாம் வகுப்பு தட்டை எடுத்துக்கொண்டு பாய்ந்தது. “யோசி. கண்டுபிடிச்சு நாளைக்கு வந்து எழுது” என்றார். “நாளைக்கு முகூர்த்தம் சார்.” “தெரியும்” என்றார். புத்தகத்தை மூடி, மரத்த காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்தியது. நின்றார். பின்னால், காலியாகிக்கொண்டிருந்த அறையில், கவின்ராஜ் தினமும் போல பலகையைத் துடைக்க டஸ்டரை எடுத்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. உடனே லோகப்பிரியாவின் குரல். “டே கவினு, அதுல கைய வச்ச, கைய ஒடச்சு அடுப்புல வச்சிருவேன். அது என் கணக்கு. அப்படியே கெடக்கட்டும், நான் வந்து போட்டுக்கிறேன்.”